சுறாப்புட்டுத் தீர்மானம்

சுனாமி வந்துபோய் ஐந்து வருஷமானபோது, கடலூர்க் கரையில் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. படகு கொடுத்தாகிவிட்டது. வலை, ஐஸ்பெட்டி, தையல் மிஷின், பிளாஸ்டிக் குடம், மீனவர்களுக்கு நீச்சல் பயிற்சி என்று எல்லாமே கொடுத்தாகிவிட்டது. வந்த தொண்டு நிறுவனங்களில் பாதி, பேனரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. கிளம்ப மனம் வராதவற்றில் ஒன்று ‘கைத்துணை குடும்பநல மையம்’. மஞ்சக்குப்பத்தில் மாடிக் கட்டடம், ஏசி போட்ட டைரக்டர் அறை, பெயரெழுதிய ஜீப், இவ்வளவையும் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அது தவித்துக்கொண்டிருந்தது. அப்போது அதற்குப் படியளக்கும் ஒரு குளிர்நாட்டிலிருந்து மின்னஞ்சல் வந்தது. குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு முதல் தேவை அறநெறி என்றது மின்னஞ்சல். கரையோர மக்களுக்கு இனிமேல் அறநெறி வழங்கப்படும் என்று டைரக்டர் அருள்முருகன் அன்று சாயங்காலமே அறிவித்தார்.

அறநெறிக்கு ஒரு கையேடு வந்தது. குளிர்நாட்டில் எழுதி, சென்னையில் மொழிபெயர்த்து, வழவழப்பான தாளில் அச்சடித்தது. ‘கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பத்தார் சாக்லேட் பெட்டி தந்தால் புன்னகையோடு மறுக்கவும்’ என்று அதில் இருந்தது. ‘உங்கள் மேலங்கியில் படிந்த பனியைத் தட்டிவிடக் குடும்பத்தார் முன்வந்தால், அந்த நெருக்கம் தொழில்முறை இடைவெளியைப் பாதிக்குமா என்று சிந்திக்கவும்’ என்றும் இருந்தது. தேவனாம்பட்டினத்தைப் பார்த்துக்கொள்ளும் களப்பணியாளர் வெண்மதி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்தப் பனியைப் பற்றிச் சிந்தித்தாள்.

கையேட்டைவிடப் பெரியது மரம். ஆபீஸ் சுவரில் ஆளுயர பிளக்ஸில் தொங்கிய ‘முடிவெடுக்கும் மரம்’. அதன் வேரில் ‘உங்களுக்கு அறச்சிக்கலா?’ என்று கேட்டிருக்கும். ஆம் என்றால் ஒரு கிளை, இல்லை என்றால் ஒரு கிளை. எந்தக் கிளையில் ஏறினாலும் ‘மேலதிகாரியைக் கலந்து பேசவும்’ என்ற இலையில் போய் நிற்கும். மேலதிகாரியின் கிளை ‘அறநெறிக் குழுவுக்கு அனுப்பவும்’ என்று முடியும். குழுவின் கிளை மேலே போய், வளைந்து, கீழே இறங்கி, ‘களப்பணியாளரின் மனசாட்சிக்கு விடவும்’ என்று வேருக்கே வந்து சேரும்.

களப்பணியாளர்கள் ஒவ்வொருவரும் மாசத்துக்கு இரண்டு அறச்சிக்கலாவது கொண்டுவர வேண்டும். சிக்கலே இல்லை என்றால் வேலையே பார்க்கவில்லை என்று அர்த்தம். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், ஒரு வீட்டு ஆடு தன் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை வந்ததை வைத்து மூன்று மாசம் ஓட்டினார். முதல் மாசம், ஆட்டைத் தடவிக்கொடுத்தது சரியா. அடுத்த மாசம், தடவிக்கொடுத்ததை நிறுத்தியது சரியா. மூன்றாவது மாசம், ஆட்டின் சம்மதம். அவருக்கு அந்த வருஷம் கேடயம் கிடைத்தது.

வெண்மதிக்கு இப்படிக் கற்பனை ஓடாது. மேல்பட்டாம்பாக்கம் காலனியில் முதல் பட்டதாரி அவள். அப்பா ஆண்டி கரும்பு வெட்டுகிறவர். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து இந்த வேலைக்கு வந்த அன்று, “அது இன்னா வேலம்மா?” என்று கேட்டார்.

“குடும்பத்துல பிரச்சனைன்னா போயிப் பேசணும்பா.”

“அதுக்குப் போயி சம்பளம் தராங்களா? ஒங்கம்மா நம்ம தெருவுல சும்மாவே பண்ணிக்கினு கெடக்குது.”

தை மாசக் கடைசியில் ஒரு மத்தியானம் வெண்மதிக்கு உண்மையாகவே ஒரு சிக்கல் கிடைத்தது. கிடைத்த இடம் புஷ்பவள்ளியின் சமையற்கட்டு.

புஷ்பவள்ளி தேவனாம்பட்டினத்துச் சுனாமிக் குடியிருப்பில் இருப்பவள். புருஷன் சுப்புராயன் கடலுக்குப் போகிறவன். மகள் வினோதினி பத்தாவது. அந்தத் தெருவில் வாசலுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும், வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவனும், ரேஷன் அட்டை சரிபார்க்க வந்தவனும் கை நனைத்துவிட்டுத்தான் போவான். அன்று சுறாப்புட்டு. சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டு வதக்கிய மணம் தெருமுனை வரை வந்தது.

“வேணாங்க்கா, எங்க ஆபீசுல கூடாதுன்னுருக்காங்க” என்றாள் வெண்மதி.

“ஒங்காபீசு கெடக்குது. கை நனைக்காம இந்த வாசப்படியத் தாண்டுனன்னு வையி, எனக்குக் கெட்ட கோவம் வந்துரும் பாப்பா.”

வெண்மதி உட்கார்ந்துவிட்டாள். அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ப்ளஸ் டூவில் அவள் நல்ல மார்க் எடுத்தபோது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காலனி வீடு தேடி வந்து பாராட்டினார். வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்க மாட்டார் என்று தெரிந்து, அம்மா கடைக்கு ஓடி ஒரு கலர் பாட்டில் வாங்கிவந்து மூடியைத் திறக்காமலே நீட்டினாள். வாத்தியார் வயிறு சரியில்லை என்றார். நின்றபடியே பாராட்டிவிட்டுப் போனார். அந்தக் கலரை வீட்டில் யாரும் குடிக்கவில்லை. அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்ததிலிருந்து, யார் வீட்டில் எது வைத்தாலும் வெண்மதி தின்றுவிடுவாள்.

புஷ்பவள்ளி கருவாடு திருப்பிப் போட வெளியே போன நேரம், வினோதினி இன்னொரு கரண்டி புட்டை வைத்துவிட்டுக் குனிந்தபடியே சொன்னாள்.

“யக்கா, எனக்குக் கண்ணாலம் வச்சிருக்காங்க.”

“யாரோட?”

“சோனாங்குப்பத்து அத்த பையன், ராஜ்கமல் மாமா. மீன் புடிக்க பக்ரைனுக்கு விசா வந்துருச்சாம். போறதுக்குள்ள முடிச்சுடணுமாம். மாசி மகத்துக்கு அடுத்த வெள்ளிக்கெழம பரிசம். பங்குனில மொத முகூர்த்தம்.”

“நீ இன்னா சொன்ன?”

“எனக்குப் பரீட்ச இருக்குது.”

“மாமாவப் புடிக்கலையா?”

“மாமா நல்லவருதான். எனக்குப் பரீட்ச இருக்குதுக்கா.” பிறகு அவசரமாகச் சொன்னாள்: “போலீசுன்னு போயிராதக்கா. அப்பாவ டேசன்ல ஒக்கார வச்சா அம்மா கடல்ல போயி வுழுந்துரும். நான் வேணான்னதும் யாருக்கும் தெரியக் கூடாது. கேட்டாங்கன்னா நான் சொல்லவே இல்லன்டுவன்.”

வெண்மதி கையைக் கழுவாமலே வெளியே போய், ஒன்றும் தெரியாதவள்போல் புஷ்பவள்ளியிடம் பேச்சை இழுத்தாள். வயசு, படிப்பு, சட்டம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். புஷ்பவள்ளி கருவாட்டிலிருந்து தலையெடுக்கவில்லை.

“எனக்குக் கட்டுனப்ப பதினாலு. செத்தா போயிட்டன்? எங்கையில இன்னா இருக்குது பாப்பா. எங்க நாத்தனா ராசம்மா கேட்டு இல்லன்னு சொல்ல இந்த வூட்டு ஆம்பளைக்கி வாயி ஏது? அது பேச ஆரம்பிச்சுதுன்னா கட்டிக் கெடக்குற படகு தானா அவுத்துக்கினு போயிரும். அதா பாத்து வேணான்னாதான் உண்டு.”

வெண்மதி அன்று சாயங்காலமே ஒருங்கிணைப்பாளர் அறிவுமதியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அறிவுமதி தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

“பொண்ணு உங்ககிட்ட எப்பச் சொன்னா?”

“சாப்பிடும்போது சொன்னா மேடம்.”

“அவ சாப்பிடும்போதா?”

“நான் சாப்பிடும்போது.”

பேனா நின்றது. “எங்க?”

“அவுங்க வீட்டுலதான்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

“சுறாப்புட்டு.”

அறிவுமதி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெண்மதி, இதை வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“கல்யாணத்தையா மேடம்?”

“புட்ட.”

சிக்கல் மரமேறியது.

அறநெறிக் குழு சிதம்பரத்தில் கூடும். தலைவர் முனைவர் தில்லைநாதன் அங்கே குடியிருக்கிறார், அவருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்பதால் மற்ற எல்லாருக்கும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தெற்கு வீதியில் ஒரு லாட்ஜின் மாடிக் கூடம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு, இதுவரை தீர்க்கப்படாத அறச்சிக்கல்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். வெண்மதிக்கு நிற்க முடியவில்லை. கால் கட்டைவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

“நண்பர்களே” என்று தில்லைநாதன் ஆரம்பித்தார். “நாற்பது ஆண்டுகளாக நான் அறச்சிக்கல்களோடு வாழ்ந்துவருகிறேன். ஒன்றைக்கூட அவசரப்பட்டுத் தீர்த்ததில்லை. தீர்த்துவிட்டால் அது சிக்கலுக்கு நாம் செய்கிற துரோகம். அதை மதிக்க வேண்டும், அதனோடு அமர வேண்டும், அதற்குத் தேநீர் தர வேண்டும்.” டைரக்டர் அருள்முருகன் இதைக் கைபேசியில் பதிவுசெய்துகொண்டார்.

விசாரணை தொடங்கியது.

“புட்டு எவ்வளவு?”

“ஒரு தட்டுங்க சார்.”

“தட்டு என்றால்? குழிவான தட்டா, தட்டையான தட்டா?”

“சார், பரிசம் மாசி மகத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள…”

“வருவோம், வருவோம். இரண்டாம் முறை நீங்களாகக் கேட்டு வாங்கினீர்களா, அவர்களாக வைத்தார்களா?”

“வினோதினி வச்சா சார். வச்சிட்டுத்தான் கல்யாணத்தச் சொன்னா.”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றினார்.

“கவனித்தீர்களா? முதல் கரண்டியை விருந்தோம்பல் என்று மன்னிக்கலாம். இரண்டாவது கரண்டி விருப்பம். தகவல் வந்தது இரண்டாவது கரண்டிக்குப் பிறகு. அதாவது இந்தத் திருமணத் தகவல், கறைபட்ட கவளத்தின் வழியாக நம்மிடம் வந்திருக்கிறது. அதை நாம் பயன்படுத்தினால், அந்தக் கவளத்தை இந்தக் குழுவே விழுங்கியதாகாதா?”

“சார், அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு.”

“அதுவும் அதே கவளத்தின் வழியாக வந்த தகவல்தான்” என்றார் தில்லைநாதன் வருத்தத்தோடு. “எனக்கு அந்த வயது தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை.”

பிறகு சாப்பிடப் போனார்கள். இட்லி, கொத்சு, சம்பா சாதம், இரண்டு வகைப் பாயசம். அதைக் குளிர்நாடு கொடுத்தது என்பதால் அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. தில்லைநாதன் கொத்சுவை மூன்று முறை கேட்டு வாங்கிக்கொண்டார். வெண்மதி இலைமுன் உட்கார்ந்து தண்ணீரை மட்டும் குடித்தாள். புட்டு விஷயம் தீராமல் கல்யாண விஷயத்தை எடுப்பதற்கில்லை என்று குழு எழுதிக்கொண்டு கலைந்தது.

மறுநாள் வெண்மதி வீட்டுக் கொல்லையில் நின்று, குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் அரசாங்க ஆபீஸ் ஒன்றுக்குப் பேசினாள். பேர் சொல்லவில்லை. சும்மா ஒரு சந்தேகம் என்றாள். எதிர்முனையிலிருந்த அம்மாள் தன்மையாகத்தான் பேசினார். “கண்டிப்பா நிறுத்திடலாம்மா. அட்ரஸ் குடுங்க. லோக்கல் ஸ்டேஷன்லேருந்து ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வந்துடறோம்.”

வெண்மதி அட்ரஸ் சொல்ல வாயெடுத்தாள். டேசன்ல ஒக்கார வச்சா அம்மா கடல்ல போயி வுழுந்துரும் என்று வினோதினி சொன்னது நினைவுக்கு வந்தது. சுனாமியில் பெற்ற தாயைக் கடலுக்குக் கொடுத்தவள் புஷ்பவள்ளி. அதற்கப்புறமும் தினமும் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டேதான் கருவாடு காயப்போடுகிறாள். வெண்மதி போனை வைத்துவிட்டாள். கொல்லையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கையேட்டை எடுத்துப் புரட்டினாள். பனி, சாக்லேட், மேலங்கி. தூக்கி விறகின் மேல் எறிந்தாள். அம்மா மங்கலம் எட்டிப் பார்த்து, “இன்னாடி, ஆபீசு பொஸ்தகத்தப் போயி எறியிற?” என்று எடுத்துத் துடைத்துக் கண்ணில் ஒற்றி உள்ளே வைத்தாள்.

மாசி மகம் வந்தது. சுற்றுவட்டாரத்துச் சாமியெல்லாம் தேவனாம்பட்டினத்துக் கரைக்குக் குளிக்க வந்துபோயின. கூட்டத்தில் வினோதினி ஒரு தரம் வெண்மதியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை குழு மறுபடி கூடியது. வெண்மதி சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். ரசாயன ஆலைகள் இருக்கிற செம்மங்குப்பம் வந்ததும் தூங்குகிறவர்கள்கூடத் தூக்கத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் தூக்குவாளியை மடியில் வைத்திருந்தாள். மகள் வீட்டுக்குக் கொண்டுபோகிற குழம்பாம்.

“குழம்பு ஊத்திக் குடுத்தா வாளியக் கழுவாமத் தரணும்மா” என்று அவளாகவே பேசினாள். “கழுவித் தந்தாலே எங்க பக்கம் மூஞ்சியத் தூக்கி வச்சிப்பாங்க.”

“குழம்பையே திருப்பித் தந்தாங்கன்னா?”

“யாரு தருவாங்க அப்படி? ஒன் வூட்டு சோறு எனக்கு ஆவாதுன்னு சொல்ற மாதிரி இல்ல அது. பொணக்குதான். அறுத்துக்கிட்டு போவ வேண்டிதுதான்.”

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் எல்லாம் ஜன்னலில் போயின. வெண்மதி எதையும் பார்க்கவில்லை. ராசம்மாளை அவள் ஒரே ஒரு தரம் மீன் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறாள். எடை குறைத்துப் போட்டதாகச் சொன்ன ஒருவரை, அவர் மீனையே மறந்துவிட்டு ஓடும்படி செய்ததைப் பார்த்திருக்கிறாள். அதா பாத்து வேணான்னாதான் உண்டு என்று புஷ்பவள்ளி சொல்லியிருந்தாள். இந்தக் குழு ஒரு பெண்பிள்ளைக்காக நாற்காலியைவிட்டு எழாது. ஒரு தட்டுப் புட்டுக்காக எங்கே வேண்டுமானாலும் வரும். கலர் பாட்டிலோடு நின்ற அம்மாவின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த முகத்தைத் தள்ளிவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

குழுவின் ஒரு நிமிட மௌனம் முடிந்ததும் அவளே எழுந்தாள். “நான் தப்ப ஒத்துக்கறேன் சார். சாப்பிட்டத அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் குடுத்துடணும்.”

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

“நான் தனியாப் போனா சரியா இருக்காது. குழுவே வந்து, குடும்பத்தார் எல்லாரும் இருக்கும்போது குடுத்தாத்தான் வெளிப்படையா இருக்கும். வர்ற வெள்ளிக்கிழமை காலைல எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. சொந்தக்காரங்களும் வருவாங்க.”

தில்லைநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நாற்பது ஆண்டுகளில்” என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உட்கார்ந்தார்.

அதே சுறாவைத் திருப்பித் தர முடியாது என்பதால் நிகரான வேறொரு சுறாவைத் தரலாமா என்று மத்தியானம் வரை விவாதித்தார்கள். தரலாம் என்று முடிவானது. முதுநகரில் ஒரு மெஸ்ஸில் சொல்லிச் செய்வது, புது தூக்குவாளி வாங்குவது, அதில் மையத்தின் சின்னத்தை ஒட்டுவது, வீடியோ எடுப்பது என்று டைரக்டர் ஏற்பாடுகளை அடுக்கினார். தலைவருக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பயணம் ஒத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது கறைபட்ட கவளத்தின் வழியாக வந்த தகவல்.

வெள்ளிக்கிழமை காலை சுப்புராயன் வீட்டு வாசலில் பந்தல். சோனாங்குப்பத்திலிருந்து வந்த தட்டுகள் வரிசையாக உள்ளே இருந்தன. வெற்றிலை பாக்கு, பூ, பழம், மஞ்சளில் ஒரு பட்டுப்புடவை. தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. ராசம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வெற்றிலைப் பை. ராஜ்கமல் ஓரத்தில் நின்று கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான். அப்போது ஜீப் வந்து நின்றது.

புஷ்பவள்ளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. “யம்மா, வெண்மதி பாப்பா ஆபீசுலேந்து எல்லாரும் வந்துருக்காங்க பாரு அண்ணி” என்று ஓடி ஓடி பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். “ஒக்காருங்க சார். மொதல்ல டிபன் சாப்புடுங்க.”

“வேண்டாம்மா” என்றார் தில்லைநாதன். “வேணாங்க” என்றார் டைரக்டர். “எனக்கு வயிறு சரியில்லை” என்றார் அறிவுமதி. வெண்மதி அறிவுமதியைத் திரும்பிப் பார்த்தாள்.

தில்லைநாதன் பட்டு ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு, தூக்குவாளியை இரண்டு கையாலும் ஏந்தி, தாம்பூலத் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

“இன்னாது இது?” என்றாள் ராசம்மாள்.

“சுறாப்புட்டு அம்மா. எங்கள் பணியாளர் இந்த இல்லத்தில் உணவு உண்டுவிட்டார். அது தவறு என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. உண்டதைத் திருப்பி ஒப்படைக்க வந்திருக்கிறோம்.”

ராசம்மாள் வாளியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள்.

“இந்த வூட்டுல துன்னா தப்பா?”

“இந்த வீட்டில் மட்டும் என்று இல்லை அம்மா. ஆனால் இந்த வீட்டில்தான் நடந்தது.”

“இன்னா நடந்துச்சு?”

“அதை வெளியில் சொல்வது ரகசியக் காப்புக்கு விரோதம்.”

ராசம்மாள் வெற்றிலைப் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். “சொல்ல முடியாத அளவுக்கு இன்னா ரகசியம்? பொண்ணப் பத்தியா?”

“எங்கள் குடும்பங்களைப் பற்றிய எந்தத் தகவலையும் நாங்கள் உறுதிப்படுத்தவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம்” என்று தில்லைநாதன் கையேட்டிலிருந்து மனப்பாடமாகச் சொன்னார்.

வீட்டுக்கு ஒரு அவமானம் நேரும் என்று தெரிந்துதான் வெண்மதி வந்திருந்தாள். அது வினோதினியின் தலையில் போய் விடியும் என்று நினைக்கவில்லை. “பொண்ணு மேல ஒண்ணுமே இல்லீங்க” என்று முன்னால் வந்தாள். “நான் சாப்பிட்டதுதான் தப்பு. எங்க ஆபீசு ரூலு. வேற ஒண்ணுமே இல்ல.”

“நீதானா அது? துன்னும்போது நல்லாருந்துச்சா?”

“நல்லாருந்துச்சுங்க.”

“அப்ப ஏண்டி திருப்பிக் கொண்டாந்த?”

வெண்மதியிடம் அதற்குப் பதில் இருந்தது. அந்தப் பந்தலில் சொல்லத்தான் முடியாது.

ராசம்மாள் எழுந்தாள். “கெவுர்மென்ட்டு ஆளுங்க ஜீப்பு வச்சுக்கினு வந்து தட்டு மாத்துற நேரத்துல சோத்தத் திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க. இந்த வூட்டுல எம்புள்ள கை நனைக்கணுமா? டேய், தட்ட எடு.”

“யக்கா, யக்கா” என்று சுப்புராயன் காலைப் பிடித்தான். “அவுங்க கெவுர்மென்ட்டு இல்லக்கா.”

“யாரா இருந்தா இன்னாடா. ஜிப்பா போட்டவரு சும்மாவா சொல்லுவாரு?”

ராஜ்கமல் முதல் தட்டை எடுத்தான். “வுடும்மா, போயிட்டு வந்து பாத்துக்கலாம்” என்றான். அவன் குரலில் பெரிய துக்கம் ஒன்றும் தெரியவில்லை. தட்டுகள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. உள்ளே கதவிடுக்கில் வினோதினியின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

புஷ்பவள்ளி நாத்தனாரின் பின்னால் ஓடவில்லை. ஜிப்பாக்காரரைத் திட்டவில்லை. தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து வெண்மதியைப் பார்த்தாள். மெள்ளப் புரிந்துகொண்டு வந்த அந்தப் பார்வையை வெண்மதிக்கு முன்பே தெரியும். மேல்பட்டாம்பாக்கத்தில் அம்மாவின் முகத்தில் பார்த்தது.

ஜீப்பில் எல்லாரும் நிறைவாக இருந்தார்கள். “எவ்ளோ உணர்ச்சிபூர்வமா இருந்துச்சு பாத்தீங்களா” என்றார் டைரக்டர். “அந்த அப்பா கால்லயே விழுந்துட்டாரு.”

“மக்கள் அறநெறிக்கு எவ்வளவு ஏங்கியிருக்கிறார்கள்” என்றார் தில்லைநாதன். சிறிது தூரம் போனதும் வெண்மதியின் பக்கம் திரும்பினார். “நீங்கள் ஏதோ ஒரு திருமண விஷயம் சொன்னீர்களே அம்மா. கவளம் தூய்மையாகிவிட்டது. இனி அதை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்.”

ராஜ்கமல் பங்குனி பிறக்குமுன்னே பக்ரைனுக்குப் போய்விட்டான். அடுத்த கூட்டத்தில் நேரம் போதவில்லை.

பங்குனியில் ஒரு காலை வெண்மதி, கையேட்டில் சொன்ன ‘தொடர் சந்திப்பு’க்காகத் தேவனாம்பட்டினம் போனாள். புஷ்பவள்ளி அவளைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். “ஒக்காருங்க மேடம்” என்றாள். அடுப்பில் ஏதோ கொதித்தது. வாசம் வந்தது. வெயில் ஏறியது. அரைமணி நேரம் அவள் கேட்டதற்கெல்லாம் புஷ்பவள்ளி ஆமாம், இல்லை என்று பதில் சொன்னாள்.

“யக்கா, கொஞ்சம் தண்ணி…”

“ஒங்க ஆபீசுல கூடாதுங்களே மேடம்” என்றாள் புஷ்பவள்ளி.

இதை வெண்மதி அப்படியே அறிக்கையில் எழுதப்போகிறாள். தொழில்முறை இடைவெளி இவ்வளவு அழகாகப் பேணப்பட்ட இன்னொரு வீடு மாவட்டத்திலேயே இல்லை என்று குழு பாராட்டும். ஆட்டுக்காரருக்குக் கொடுத்த கேடயத்தை இந்த வருஷம் அவளுக்குக் கொடுக்கும். மங்கலம் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைப்பாள்.

பஸ் ஸ்டாப்பில் வினோதினி நின்றிருந்தாள். யூனிபாரம், இரட்டை ஜடை, கையில் பரீட்சை அட்டை. வெண்மதி ஒரு ஓரமாக நின்றாள்.

“ஒன்னோட பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்குது” என்றாள் வினோதினி, ரோட்டைப் பார்த்தபடி.

“ம்.”

“நீதான அவுங்களக் கூட்டியாந்த?”

“ஆமா.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

“மார்க்கெட்டுல அத்த இன்னும் அம்மாவத் திட்டிக்கினு இருக்குது. அம்மா எறா வாங்கக்கூட அந்தப் பக்கம் போறதில்ல.”

வெண்மதி உலர்ந்த உதட்டைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். தூரத்தில் பஸ் திரும்பியது. வினோதினி பையைத் துழாவி ஒரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்தாள். வீட்டில் பிடித்த தண்ணீர். மூடியைத் திறந்து நீட்டினாள்.

“சீக்கிரம் குடி. இன்னிக்கிக் கணக்குப் பரீட்ச.”

வெண்மதி குடித்தாள். பாதி பாட்டில் காலியாகிற வரைக்கும் குடித்தாள். இதை அவள் ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை.